மாப்பிள்ளையின் முழங்கால்

மல்லி தூற்றிக்கொண்டிருந்த நாள் அது. களம் முழுக்கக் கொத்தமல்லி வாசம். வாடைக்காற்று விட்டுவிட்டு வீசியது. அப்பா சுளகை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காற்றுக்காக நிற்பார். காற்று வந்ததும் மணிகள் அவர் காலடியில் கொட்டும், தூசி தள்ளிப் போய் விழும். நான் கொஞ்சம் விலகி உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கண்மாய்க் கரை மேல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் செருப்பு. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டதால் இரண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்று காலை உதறினார். எங்கள் ஊருக்கு அப்படி உடுத்தியவர்கள் வந்தால் வரி கேட்கத்தான் வருவார்கள்.

களத்தின் ஓரத்தில் நின்று, "இது மிக்கேல் வீட்டுக் களந்தானே? சவரிமுத்துவோட மாமனார்?" என்று கேட்டார்.

"நாந்தான் மிக்கேல். நிழலுக்கு வாங்க. ஏத்தா லூர்து, அவுகளுக்கு மோர் கொண்டா" என்று என்னிடம் சொன்னார் அப்பா.

மோரைக் குடித்து முடித்தபின் வந்தவர் விஷயத்தைச் சொன்னார். அவர் பெயர் சுந்தரம். மதுரையில் ஒரு மில்லின் கால்பந்து அணியை அவர்தான் கவனித்துக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் அவர்களுக்கு ஆட்டம். அணியில் ஓர் ஆள் குறைகிறது.

"சவரிமுத்து ஆட்டத்தை முன்னாடி கோயமுத்தூர்ல பார்த்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து ஆடட்டும். நல்லா ஆடினா மதுரைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். வேலையும் உண்டு, குடியிருக்க லைன் வீடும் உண்டு" என்றார்.

சவரிமுத்து என் வீட்டுக்காரர். அன்று என் தம்பியோடு வண்டியில் திருச்சுழிக்குப் போயிருந்தார். என் கையிலிருந்த கல்லெல்லாம் மறுபடியும் மல்லிக்குள் விழுந்துவிட்டது.

"ஆனா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு" என்று தொடர்ந்தார் சுந்தரம். "தங்கச் சுரங்கத்துல ஆடினப்ப முழங்கால் போயிருச்சாமே? அது உண்மைன்னா கூப்பிட்டுப் பிரயோசனமில்ல. பாளையம்பட்டியில இன்னொரு ஆள் இருக்கான், அவன்கிட்டப் போயிருவேன். நீங்க பெரியவர். நீங்க சொல்லுங்க. சவரிமுத்து கால் எப்படி இருக்கு?"

அப்பா சுளகைப் பார்த்தார். அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

குறை சொல்லி மாடு விற்றவர்

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சந்தான். தாத்தா காலத்தில் எல்லோரும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அப்பா தலையெடுத்துத்தான் சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் காடு வாங்கினார். பருத்தி, மல்லி, கம்பு. மழை பெய்தால் உண்டு.

அவர் வாயிலிருந்து பொய் வந்து யாரும் கேட்டதில்லை. அதனால் எங்களுக்குப் பெருமையைவிடத் தொல்லைதான் அதிகம்.

ஒருமுறை வண்டி மாடு ஒன்றை விற்கச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வந்த வியாபாரிகள் எல்லோரிடமும், "இடது முன்னங்காலை ஊனுறப்ப கொஞ்சம் தயங்கும். தண்ணியக் கண்டா மிரளும்" என்று தானாகவே சொன்னார். சாயங்காலம் மாடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா வாசலில் நின்று மாட்டையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கேட்டாகளா?" என்றாள்.

"கேக்கல. சொன்னேன்" என்றார் அப்பா.

அந்த மாடு கிழடாகி எங்கள் தொழுவத்திலேயேதான் செத்தது.

துணி மடிக்காத வேலை

எனக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அப்பாவின் அந்தக் குணத்தால்தான்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்கியிருந்த சமயம். தூரத்து உறவில் ஒரு சித்தப்பா சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் அருப்புக்கோட்டைப் பக்கம், மதுரையில் ஒரு மில்லில் வேலை, துணி மடிக்கிற பிரிவு என்று சொன்னார். பெண் பார்க்க வந்தவர் சட்டை போட்டு, தலையை வழித்து வாரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவிடுக்கில் அவர் கால்களைத்தான் பார்த்தேன். பாதம் அகன்று, விரல்கள் ஒன்றுக்கொன்று விலகி, கணுக்காலில் பழைய தழும்புகளோடு இருந்தது. மில்லுக்குள் துணி மடிப்பவருக்கு ஏன் இப்படிக் கால் என்று யோசித்தேன்.

"மில்லுல என்ன வேலை பாக்குறீக?" என்று அப்பா கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையே சொன்னார்: "துணி மடிக்கிறதுன்னு பேரு. ஆனா நான் ஒரு நாளும் மடிச்சதில்லங்க. மில்லு டீமுல பந்து விளையாடுறேன். அதுக்குத்தான் சம்பளம்."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா உள்ளே அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"பந்தா? அது எத்தன நாளைக்கு?" என்றார் அப்பா.

"கால் இருக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"தெரியலீங்க."

அவர்கள் போனபின் ஊரே கூடிப் புத்தி சொன்னது. விளையாட்டுப் பிள்ளைக்கா பெண்ணைக் கொடுப்பது என்றார்கள். அப்பாவுக்கும் பந்து விளையாட்டு ஒரு வேலையாகவே படவில்லை, கடைசிவரை அவர் அதை 'வேலை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னது ஒன்றுதான்:

"பொண்ணு கேக்க வந்த எடத்துல தன் குறையத் தானே சொன்னான். குடுப்போம்."

நடுவில் நிற்கிறவர்

கல்யாணமாகி மதுரைக்குப் போய்ச் சில மாதம் கழித்துத்தான் அவர் ஆடுவதைப் பார்த்தேன். மில் ஆட்களின் குடும்பத்துப் பெண்களெல்லாம் மைதானத்தின் ஒரு மூலையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் காலத்தில் முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். கோல் போடுவது அவர்கள் வேலை. கடைசியில் இரண்டு பேர் தடுப்பதற்கு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்று பேர் உண்டு. ஹாஃப் என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்த மூவரில் நடுவில் நிற்பவர்.

ஆட்டம் முழுக்க ஜனங்கள் கத்தினார்கள். "ஏலே ராசு, அடிலே" என்றார்கள். "துரை, விடாதே" என்றார்கள். ஒருவர்கூடச் சவரி என்று கூப்பிடவில்லை. கோல் போட்ட ராசுவின் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு எல்லோரும் முறுக்குக் கொடுத்தார்கள். அவளும் எனக்கு ஒன்று கொடுத்தாள், பாவப்பட்டு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "நீங்க ஏன் கோல் போடல?"

அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். "எனக்குப் பந்து வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. வந்ததும் யாருக்காச்சும் குடுத்துட்டீக."

"அதான் என் வேலை" என்றார். "யாரு சும்மா நிக்கான், யாரைச் சுத்தி ஆளு இருக்குன்னு பாத்துக் குடுக்கணும். நம்மகிட்ட பந்து நிக்கக் கூடாது."

பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்கப் பழகினேன். பந்து இந்தக் கோடியில் கிடக்கும்போதே அவர் தலை மறுகோடிக்குத் திரும்பும். அங்கே ஒருவன் தனியாக நிற்பான். கொஞ்ச நேரத்தில் பந்து அவனிடம் போயிருக்கும். அதைக் கண்டுபிடித்த நாளில், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி கிடைத்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அப்படிப்பட்ட ஆட்டக்காரரை எந்த ஊரிலும் நிறுத்திவைத்துக்கொள்ள மாட்டார்கள். கோல் போடுகிறவனுக்கு மேஸ்திரி வேலை கிடைக்கும். இவருக்கு, "இந்த வருசம் ஆடுப்பா, அப்புறம் பார்ப்போம்." மதுரை மில்லில் முதலாளி மாறியதும் அணியைக் கலைத்துவிட்டார்கள். கோயமுத்தூருக்குப் போனோம். அங்கிருந்து பெங்களூரில் ஒரு பட்டாள முகாம். பிறகு தங்கச் சுரங்க ஊர். ஒவ்வொரு ஊரிலும் புது அடுப்பு போடுவேன். அது கறுத்து முடிவதற்குள் பெட்டியைக் கட்டச் சொல்வார்.

ஒருமுறைகூட அதற்காக நான் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த ஊருக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, "லூர்து, இந்த ஊர்ல மைதானம் பச்சைப்பசேல்னு இருக்குமாம்" என்பார். அவருக்கு ஊர் என்றால் மைதானந்தான்.

பூட்ஸ் கால்

தங்கச் சுரங்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களின் அணி ஒன்று இருந்தது. அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். நம்மவர்கள் வெறுங்கால், கணுக்காலில் துணிக்கட்டு மட்டும். மழை பெய்து சகதியாகக் கிடந்த ஒரு நாள், பந்துக்காக நீட்டிய என் வீட்டுக்காரரின் காலில் ஒரு பூட்ஸ் பட்டது. வலது முழங்கால். வேண்டுமென்று செய்ததல்ல. அந்தத் துரையே கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

முழங்கால் சின்னச் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்தது, ஆனால் கால் பழையபடி மடங்கவில்லை. குந்தி உட்கார முடியாது. ஓடினால் திடீரென்று ஒரு பக்கம் இழுக்கும். அந்த வருடம் முடிந்ததும், "குணமானா வாப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேறு போக்கிடம் இல்லை. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. என் அப்பா வீட்டுக்கு வந்தோம்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினோம். சண்டையால் பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். அருப்புக்கோட்டை தாண்டி ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. ஆம்பிளைகளெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். எல்லோரும் இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்தார். கால் இழுத்தது. உட்கார்ந்துவிட்டார். தள்ளிய கிழவர் ஒருவர், வாட்டசாட்டமாக உட்கார்ந்திருந்த இவரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே தள்ளினார். அந்த மேடு முடிகிறவரை என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தார். களை வெட்டினார், தொழுவம் கூட்டினார். ஒருநாள் மல்லி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏறியபோது பாதியில் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த அப்பா மூட்டையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

சுந்தரம் எங்கள் களத்துக்கு வந்தது அதற்கு மறுநாள்.

"காலுக்கென்ன?"

"சவரிமுத்து கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார்.

அப்பா சுளகைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலுக்கென்ன?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"காலு நல்லா இருக்கு. நேத்துக்கூட ஒரு மல்லி மூடையைத் தலையில வச்சுக்கிட்டுக் கண்மாய்க் கரையில விறுவிறுன்னு ஏறி வந்தாரு. எனக்கே மூச்சு வாங்குச்சு, அவருக்கு வாங்கல. ஆரம்பத்துல லேசா வலி இருந்துச்சு, இல்லேங்கல. எருக்கிலை கட்டினோம், போயிருச்சு. இப்ப குந்தி உக்காந்து எந்திரிக்கிறாரு. காட்டுக்கு ஓடிக்கிட்டேதான் போறாரு."

சுந்தரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்.

அவர் கரை மேல் ஏறி மறைகிறவரை அப்பா அசையவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது, அவர் சுளகை எடுக்கவில்லை.

அம்மாதான் அன்று சாயங்காலம் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "மாட்டுக் காலுக்கே பொய் சொல்லாத மனுசன்."

என் வீட்டுக்காரரிடம் அப்பா, "ஞாயித்துக்கிழமை ஆட்டமாம், கூப்பிட்டாக" என்று மட்டும் சொன்னார். இவர் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "காலப் பத்திக் கேட்டாகளா மாமா?" என்றார். "கேட்டாக. பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா தொழுவத்துக்குப் போய்விட்டார்.

அருப்புக்கோட்டை மைதானம்

அப்பா தன் வாழ்நாளில் பார்த்த முதல் ஆட்டம் அது. வண்டி கட்டி எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நெசவுக்குப் பாவு நூல் காயப்போட்டிருந்த தெருக்களைத் தாண்டி மைதானத்துக்குப் போனோம். புல் என்று ஒன்றும் கிடையாது. வெயிலில் வெடித்த தரை, சுண்ணாம்புக் கோடு. வண்டியை ஓரமாக அவிழ்த்துவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்து பார்த்தோம்.

எதிரணி தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது. எல்லோரும் குதிரை மாதிரி ஓடினார்கள். என் வீட்டுக்காரர் ஓடவில்லை. நடு வட்டத்தைச் சுற்றியே நின்றார். ஓடாத ஆளை யார் எடுப்பார்கள்?

"மாப்பிள்ளை ஏன் நின்னுக்கிட்டே இருக்காரு?" என்றார் அப்பா.

"பாத்துக்கிட்டே இருங்கப்பா."

கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்தது. அவர் பந்தைத் தேடிப் போகவில்லை, பந்து வந்து விழும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டார். வந்ததும் ஒரே தட்டு. இடது கோடியில் ஒல்லியாக ஒருவன் விளையாடினான், அவனுக்குக் காற்று மாதிரி வேகம். இவர் கையைக் காட்டுவார், அவன் ஓடுவான், பந்து அவனுக்கு முன்னால் போய் விழும். இப்படியே அவனை ஓடவைத்துத் தன் காலைக் காப்பாற்றிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு கால் வீங்கத் தொடங்கியது. எங்கள் வண்டிக்கு எதிரே ஒருமுறை பந்து வந்தபோது அவர் முகம் கோணியதைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின.

முடிகிற நேரத்தில் இரண்டு பேர் ஒரே சமயம் என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தார்கள். அவர் வலது காலை ஊன்றி இடது காலால் பந்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தார். பந்து அந்த ஒல்லிப் பையனிடம் போனது. அவன் ஓடிப்போய் கோலுக்குள் அடித்தான். மைதானமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அப்பா மட்டும் விழுந்து கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து ஒற்றைக் காலில் நின்று, அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்துக் கை தட்டியபோதுதான் அப்பா மூச்சு விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் சுந்தரம் வண்டியருகே வந்தார். "வாரக் கடைசியில மதுரைக்கு வந்துருங்க" என்றார் இவரிடம். அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்பா திருப்பிக் கும்பிடவில்லை, மாட்டைப் பூட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

கிராதிக்குப் போகாதவர்

மறுபடியும் மதுரையில் குடியேறினோம், இந்தத் தடவை சுந்தரத்தின் மில்லில். தவக்காலம் போய், பாஸ்கு வந்தது. ஈஸ்டர் பூசைக்கு ஊருக்குப் போனோம்.

கோயிலில் நன்மை வாங்குகிற நேரம், சாமியார் அப்பத்தை நாவில் வைப்பார். பெரியவர்கள் எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கிராதிக்குப் போய் முழந்தாளிட்டார்கள். அப்பா எழவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்து பாஸ்குக்கு நன்மை வாங்காமல் அப்பா இருந்ததே இல்லை. பாவத்தோடு இருப்பவர் நன்மை வாங்கக் கூடாது, அதனால் வாங்காதவர்களை ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வீட்டில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்த்தா" என்றார். "பொய் சொன்னேன் சாமின்னேன். யாருக்காகன்னு கேட்டாக. மருமகனுக்குன்னேன். செஞ்சதுக்கு மனஸ்தாபமா, வருத்தமா இருக்கான்னு கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"இல்ல சாமின்னேன். மனஸ்தாபம் இல்லாம எப்படி மன்னிக்கிறதுன்னு கேட்டாக. அதுவும் சரிதான்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

"ஏம்ப்பா, மனஸ்தாபம்னு சொல்லியிருக்கலாமே?"

அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சாமிகிட்டயும் பொய் சொல்லச் சொல்றியா?"

பிறகு அவரே சொன்னார்: "நீங்க வந்த நாள்ல இருந்து பாத்தேன். அந்த மனுசன் என் வீட்டுல ரெண்டாம் தடவை சோறு வாங்கல. உங்க அம்மா அகப்பையத் தூக்குனாலே 'போதும் மாமா'ன்னு என்னைப் பாத்துச் சொல்லுவாரு. காட்டுல மாடு மாதிரி வேலை செஞ்சுட்டு அரை வயித்தோட எந்திரிச்சுப் போவாரு. அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படித்தா உண்மை பேசுறது?"

நீளமான பதில்

மதுரைக்குத் திரும்பியதும் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே சுந்தரத்தைப் பார்க்கக் கிளம்பினார். வேலை போய்விடும் என்று நான் தடுத்தேன். "போனாப் போகட்டும், மாமா நன்மை வாங்காம உக்காந்திருக்காக" என்றார்.

போய்வந்து நடந்ததைச் சொன்னார்.

"என் கால் அப்பவும் சரியில்ல, இப்பவும் சரியில்ல சார். என் மாமனார் எனக்காகப் பொய் சொல்லிட்டாரு" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சுந்தரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவைத்தார். "அன்னைக்கே தெரியும் சவரி. 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருந்தா நம்பியிருப்பேன். அந்த மனுசன் மூட்டைங்கிறாரு, கரைங்கிறாரு, எருக்கிலைங்கிறாரு. பொய் சொல்லிப் பழகாதவங்கதான் அவ்வளவு நீளமாச் சொல்லுவாங்க."

"தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க?"

"அப்படிப்பட்டவர் தன் வாயைக் கெடுத்துக்கிட்டுப் பேசுறாருன்னா, அந்த மருமகனை ஒரு தடவை பார்ப்போம்னு தோணுச்சு. பார்த்தேன். உன் முழங்காலையா எடுத்தேன்? பந்தை எங்க அனுப்பணும்னு உனக்குத் தெரியுது. போய் வேலையைப் பாரு."

அந்த வருடமும் அடுத்த வருடத்தில் பாதியும் அவர் ஆடினார். பிறகு காலால் ஆகவில்லை. மில்லின் பஞ்சுக் குடோனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் கரிசல் பருத்தியைக் கையில் எடுத்ததும் எந்தப் பக்கத்துப் பருத்தி என்று சொல்லிச் சிரிப்பார். பெட்டி கட்டுகிற வேலை எனக்கு அதோடு முடிந்தது.

அந்தோணியார் திருவிழா

அதெல்லாம் பின்னால். சுந்தரம் அப்படிச் சொன்ன கோடையிலேயே, வைகாசிக் கடைசியில் எங்கள் ஊர் அந்தோணியார் திருவிழாவுக்குப் போனோம். போனதும் என் வீட்டுக்காரர் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

"காலு கெட்டுப்போனது தெரிஞ்சுதான் கூப்பிட்டாகளா?"

"ஆமா மாமா."

"அப்ப நான் உண்மையச் சொல்லியிருந்தாலும் உங்க ஆட்டத்தைப் பாத்துட்டு எடுத்திருப்பாக."

"எடுத்திருப்பாகளோ என்னமோ."

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத் தொட்டிக்கு முன்னால் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

திரும்பி வந்தபோது நான் கேட்காமலே சொன்னார்: "மனஸ்தாபம் வந்துருச்சு சாமின்னேன். எதுக்குன்னு கேட்டாக. என் மருமகன் காலு இல்லாமலும் ஆளுதான்னு ஊரான் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே, அந்த மனஸ்தாபம்னேன்."

"சாமி என்ன சொன்னாக?"

"மாதாவுக்கு ஒரு பிரியதத்தச் செபம் சொல்லிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாக."

மறுநாள் காலைத் திருவிழாப் பூசை. கோயில் கொள்ளாத கூட்டம். நன்மை வாங்குகிற நேரம் அப்பா எழுந்தார். என் வீட்டுக்காரரும் எழுந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராதியின் முன்னால் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். இவருக்கு வலது கால் மடங்கவில்லை. நின்றபடியே தடுமாறினார். அப்பா ஏற்கெனவே முழந்தாளிட்டிருந்தார். எழுந்தார். மருமகனின் கக்கத்தில் கை கொடுத்து, தன் பாரத்தையும் அவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்கி, மெல்ல மெல்ல இறக்கினார். பிறகு தானும் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

வாங்கியபின் எழுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்னால் வரிசை காத்து நின்றது. யாரோ செருமினார்கள். அப்பா அவசரப்படவில்லை. "மெதுவா, மாப்பிள்ளை" என்று அவர் சொன்னது பெண்கள் பக்கம்வரை கேட்டது.